மின்மினிக்கு ஒரு மருந்து

அக்டோபர் 1

கம்பெனி ஜனவரியில் கொடுத்த டைரி இது. ஒன்பது மாதம் அலமாரியில் சும்மா கிடந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எங்கள் இயக்குநர் டாக்டர் பத்ரிநாத்தின் பொன்மொழி ஒன்று அச்சாகியிருக்கிறது. இன்றையது: "கருவியை நேசி, கண்டுபிடிப்பு தானே வரும்." அதைப் படித்த பிறகும் எழுதத் தோன்றுகிறதென்றால் உடம்பில் இன்னும் கொஞ்சம் தெம்பு இருக்கிறது.

ஆபீசில் ஆயுத பூஜை. நாவலூரில் ஐந்தாவது மாடியில் இருக்கும் மருந்து ஆராய்ச்சிக் கம்பெனிக்கும் ஆயுதங்கள் உண்டு. மைக்ராஸ்கோப்புக்குப் பொட்டு, எடைத் தராசுக்கு மாலை, காபி மெஷினுக்கு இரண்டு மாலை. டாக்டர் பத்ரிநாத் ஜரிகை வேட்டியும் வெள்ளித் தட்டுமாக எங்கள் செல் பிரிவின் குளிரறைக்குள்ளும் போனார். உள்ளே நான்கு டிகிரி. நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். நெடுநேரம் கழித்து வெளியே வந்து, "ஒண்ணு விடலை, மங்கை. எல்லாத்துக்கும் வெச்சாச்சு," என்றார். முகத்தில் அப்படியொரு நிறைவு.

என் முழுப்பெயர் மங்கையர்க்கரசி. ஆபீசில் மங்கை, வீட்டில் அரசி. இரண்டு இடத்திலும் ஆட்சி வேறொருவருடையது.

அண்ணனுக்குப் பொரி மட்டும் எடுத்துவந்தேன். சுண்டல் ஆகாது, சிறுநீரகம் ஒத்துக்கொள்ளாது. அவர் படுக்கை விரிப்பைத் துவைத்தேன். ரத்தக் கறைக்குக் குளிர்ந்த தண்ணீர்தான் சரி. வெந்நீர் பட்டால் நிலைத்துவிடும்.

அக்டோபர் 9

அண்ணனை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய் வந்தேன். வாரத்தில் மூன்று நாள் இதுதான். வழியில் முதுகு சொறிய ஒரு மூங்கில் கை வாங்கினேன். "நுனி கொஞ்சம் கூர்மையா இருந்தா நல்லாயிருக்கும்," என்றார். வீட்டுக்கு வந்ததும் உப்புத்தாளால் தேய்த்து இன்னும் மழுக்கிவிட்டேன். நகமும் வெட்டினேன்.

அண்ணன் திருநாவுக்கரசு, ரயில்வேயில் பார்சல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காரணம் கேட்டால், பார்சல் சேதமாக வந்தால் திருப்பி அனுப்பும் வசதி அதில் இல்லை என்பார்.

அக்டோபர் 14

என் வேலையைப் பற்றி ஒரு பத்தி எழுதி வைக்கிறேன். பிற்காலத்தில் பழைய பேப்பர்காரர் இந்த டைரியைப் படிக்க நேர்ந்தால் அவருக்குப் புரியவேண்டும்.

செல்லின் மேல்தோலில் ஏற்பிகள் என்று சில புரதங்கள் இருக்கின்றன. மருந்து வந்து அதில் உட்கார்ந்தால் உள்ளே செய்தி போகும். எங்களுக்கு வேண்டியது அரிப்பை அடக்கும் ஒரு ஏற்பி. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு உடம்பெல்லாம் ஓயாத அரிப்பு வரும், அதற்காக. அந்த ஏற்பியின் மரபணுவை எடுத்து, கண்ணாடித் தட்டில் வளரும் செல்களுக்குள் வைத்திருக்கிறோம். அதற்கு முன்பே அதே செல்களில் மின்மினிப் பூச்சியின் ஒளிப் புரதத்தையும் வைத்தாயிற்று. மருந்து ஏற்பியில் உட்கார்ந்தால் செல் ஒளிரும். எவ்வளவு ஒளியோ அவ்வளவு மருந்து. கேட்பதற்கு அழகாக இருக்கும். அங்கேதான் கவனமாக இருந்திருக்க வேண்டும்.

ஒரு தொல்லை. மின்மினி மரபணு நிலையாகப் பதிந்துவிட்டது. ஏற்பி மரபணு பின்னால் வந்த குடித்தனக்காரர், விட்டால் காலி செய்துகொண்டு போய்விடும். சுமை இல்லாத செல்கள் வேகமாகப் பெருகி, சுமப்பவற்றை ஓரங்கட்டிவிடும் (நான் செல்களைப் பற்றி மட்டும்தான் பேசுகிறேன்). அதனால் அவை குடிக்கும் திரவத்தில், அதாவது மீடியாவில், ஒரு ஆன்டிபயாடிக் கலப்போம். ஏற்பியை வைத்திருக்கும் செல் மட்டும் அதில் பிழைக்கும். கலந்த பாட்டிலின் மூடியில் சிவப்புப் பொட்டு வைப்பது எங்கள் பிரிவின் வழக்கம். கலக்காத மூடி வெறுமையாக இருக்கும். செல்களுக்கு மீடியா மாற்றுவது லூர்து மேரி. பத்து வருடமாக என்னோடு இருக்கிறாள்.

மூன்று வருட வேலையில் எழுபத்தோராவது மருந்து எல்லாவற்றையும்விட அதிகமாக ஒளிர்கிறது. எலிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். குறைவாகச் சொறிந்தன. பெரும்பாலும் தூங்கின. ஈரல் கொஞ்சம் வீங்கியது. அடுத்தது மனிதர்கள். அண்ணன் போகும் டயாலிசிஸ் மையத்தில்தான் முதல் சோதனை. அண்ணன் பெயர் கொடுத்துவிட்டார். தன் பக்கத்துப் படுக்கைக்காரர்கள் நாலு பேரையும் சேர்த்துவிட்டிருக்கிறார். "என் தங்கச்சி மருந்து," என்று சொல்லிக்கொண்டு திரிகிறாராம்.

அக்டோபர் 20

தீபாவளி. விரிப்பு இரண்டு.

நவம்பர் 3

மனிதச் சோதனைக்கு விண்ணப்பிக்கும் முன் செல் பிரிவு கடைசியாக ஒரு முறை உறுதிசெய்ய வேண்டும். அதில் என் கையெழுத்து வேண்டும். இன்று செல் தட்டில் எழுபத்தொன்றைப் போட்டோம். பக்கத்திலேயே, இந்த ஏற்பியில் வேலை செய்யும் என்று உலகமே அறிந்த ஒரு பழைய மருந்தையும் போடுவது வழக்கம். அளவுகோல் போல.

எழுபத்தொன்று ஜொலித்தது. பழைய மருந்து துளிகூட ஒளிரவில்லை.

டாக்டர் பத்ரிநாத் திரையைப் பார்த்தார். "அப்படின்னா நம்ம மருந்து எத்தனை மடங்கு மேல், மங்கை?"

"சைபரால வகுக்க முடியாது, டாக்டர்."

"அப்ப எண்ணிலடங்காத மடங்கு." அந்த வார்த்தையை வாய்க்குள் உருட்டிப் பார்த்தார். பிடித்திருந்தது.

நவம்பர் 5

பழைய மருந்தைப் புதிதாக வாங்கிப் போட்டேன். அதுவும் இருட்டு. அப்படியானால் செல்லில்தான் கோளாறு.

லூர்துவிடம் கேட்டேன். "சிவப்புப் பொட்டு பாட்டில்தானே எடுத்தே?"

"அதுதான்க்கா. இப்பல்லாம் பாட்டில் தீரவே மாட்டேங்குது. எதை எடுத்தாலும் பொட்டு இருக்கு."

இருவரும் குளிரறைக்குள் போனோம். தட்டுத் தட்டாகப் பாட்டில்கள், ஒவ்வொரு மூடியிலும் சிவப்புப் பொட்டு. ஒன்றைக் கட்டைவிரலால் தேய்த்தேன். விரலோடு வந்தது. மார்க்கர் பேனா மை அப்படி வராது. மோந்து பார்த்தேன். குங்குமம், அடியில் சந்தனம்.

லூர்து சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். "அவரா?"

"ஒண்ணு விடலையாம்."

ஒரு மாதத்துக்கு மேல் எங்கள் செல்கள் வெறும் மீடியா குடித்து, ஏற்பியைத் துறந்து, சுகமாகப் பெருகியிருக்கின்றன. பழைய மருந்து உட்கார இடமில்லாமல் இருட்டாக நின்றது நியாயம்தான்.

நியாயமில்லாதது ஒன்று இருக்கிறது. நாற்காலியே இல்லாத அறையில் எழுபத்தொன்று எதன்மேல் உட்கார்ந்தது?

விரிப்பு துவைக்கவில்லை. நாளை.

நவம்பர் 12

ஏற்பி வைப்பதற்கு முந்தைய தாய் செல்கள் நைட்ரஜன் தொட்டியில் உறைந்து கிடக்கின்றன. மின்மினி மட்டும் உண்டு, ஏற்பி கிடையவே கிடையாது. அவற்றை எழுப்பி, எழுபத்தொன்றைப் போட்டேன்.

ஒளிர்ந்தது. தீபாவளி போல.

மூன்று வருடத்துக்கு முன் பன்னிரண்டாவது மருந்தைத் தாய் செல்லில் போட்டுப் பார்த்தோம். ஒளிரவில்லை. சரி, ஏற்பி வழியாகத்தான் போகிறது என்று முடிவுசெய்தோம். அதை மாற்றி மாற்றிச் செய்த பிள்ளை, பேரன் மருந்துகளும் அதே வழியில்தான் போகும் என்று நம்பி, அதன் பிறகு யாரும் பார்க்கவில்லை. குடும்ப கௌரவத்தை நம்பிப் பெண் கொடுப்பது போல.

நடந்தது எனக்குப் புரிகிறது. செல் எப்போதும் கொஞ்சம் மின்மினிப் புரதம் செய்துகொண்டே இருக்கும், செய்ததை உடைத்துக்கொண்டும் இருக்கும். எழுபத்தொன்று அந்தப் புரதத்தையே கட்டிப்பிடித்துக்கொண்டு உடையவிடாமல் காக்கிறது. அதனால் புரதம் சேர்கிறது, ஒளியும் ஏறுகிறது. ஏற்பிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒளி அதிகமாக வர வர நாம் அதையே தேர்ந்தெடுத்துக்கொண்டு வந்தோம். மூன்று வருடத்தில் மின்மினிப் பூச்சிக்கு ஓர் அருமையான மருந்து கண்டுபிடித்திருக்கிறோம்.

நவம்பர் 13

டயாலிசிஸ். அண்ணனிடம் சொல்லலாம் என்றிருந்தேன். மழை.

பக்கத்துப் படுக்கைக்காரர் என்னைக் கும்பிட்டார். அவர் முன்கையில் சொறிந்த காயங்களைப் பார்த்துவிட்டு, பார்வையை ஊசி போடும் நர்ஸிடம் திருப்பிக்கொண்டேன்.

நவம்பர் 14

இன்றைய பொன்மொழி: "கேள்வி கேட்பவனே விஞ்ஞானி." டாக்டர் பத்ரிநாத் அறைக்குப் போனேன்.

"தொட்டியிலேர்ந்து புது செல் எடுத்தாச்சுன்னு கேள்விப்பட்டேன். ஏற்பி இருக்கா?"

"இருக்கு."

"பழைய மருந்து எரியுதா?"

"எரியுது."

"எழுபத்தொண்ணு?"

"அதைவிட நல்லா எரியுது."

"அப்புறம் என்ன?"

"ஏற்பியே இல்லாத தாய் செல்லிலும் எரியுது, டாக்டர்."

"அந்தச் செல்லை யார் கேட்டாங்க?"

உண்மையிலேயே யாரும் கேட்கவில்லை.

அவர் பொறுமையாக விளக்கினார். இருபத்தாறாம் தேதி ஒசாகாவிலிருந்து கூட்டாளிகள் வருகிறார்கள். தட்டை அவர்கள் முன் பெரிய திரையில் காட்ட வேண்டும். புது செல், பழைய மருந்து, எழுபத்தொன்று. மூன்றும் உண்மை. நாலாவது உண்மை எதற்கு? பழைய தட்டு கெட்டதற்கு, லூர்து பாட்டிலை மாற்றிவிட்டாள் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

"மாத்தினது லூர்து இல்ல."

"பின்ன?"

பொட்டு வைத்த மூடி ஒன்றை மேஜைமேல் வைத்தேன். எடுத்து மோந்து பார்த்தார்.

"நல்ல சந்தனம்," என்றார்.

பிறகு குரலைத் தாழ்த்தினார். ஜனவரியில் என்னைத் துணை இயக்குநராக்கும் எண்ணம் இருக்கிறதாம். "உங்க அண்ணா பேரும் சோதனைல இருக்காமே. முதல்ல நம்ம குடும்பத்துக்குக் கிடைக்கட்டுமே, மங்கை. நீங்களே தட்டிவிடறதா?"

தாய் செல் வரிசை இல்லாத அறிக்கையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சாதாரணமாகத்தான் சொன்னேன். கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் வகை, அறைந்து சாத்தும் வசதிகூட இல்லை.

நவம்பர் 17

ஜமாலுத்தீன் வந்தார். எழுபத்தொன்றைச் செய்த வேதியியல்காரர், ஆம்பூர்க்காரர். அவருடைய மருந்தைத்தான் நான் கொல்லப் பார்க்கிறேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"மேடம், உங்க செல் கும்பலா மதம் மாறினதுக்கு என் மருந்து என்ன பண்ணும்?"

"செல்லை மாத்திட்டேன், ஜமால். தாய் செல்லிலும் போட்டேன்."

"போட்டது நீங்க. எதுல எது இருக்குன்னு தெரிஞ்சு போட்டீங்க. கண்ணு ஆசைப்பட்டதைப் பாக்கும்."

என் கண் ஆசைப்பட்டது இதுவல்ல என்று சொல்லியிருக்கலாம்.

நவம்பர் 18

ஜமால் நான்கு குழாய்களோடு வந்தார். அ, ஆ, இ, ஈ. எதில் எது என்று அவருக்கு மட்டும் தெரியும். "ரெண்டு செல்லிலும் போடுங்க. நான் எதிர்ல உக்காந்துக்கறேன்."

நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். லூர்து அவருக்கு மூன்று முறை டீ கொடுத்தாள். மூன்று முறையும் வெள்ளையாக ஆடை படிந்து ஆறியது.

நவம்பர் 19

எண்கள் வந்தன. அ, ஏற்பி உள்ள செல்லில் மட்டும் பிரகாசம். ஆ, எதிலும் இல்லை. இ, இரண்டிலும் ஜொலித்தது. ஈ, ஏற்பி உள்ள செல்லில் மட்டும், மங்கலாக.

ஜமால் தாளைப் பார்த்தார். "அ பழைய மருந்து. ஆ வெறும் கரைப்பான்."

"இ?"

"அதைச் சொல்லணுமா மேடம்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மூணு வருஷம். என் ரெண்டாவது பையன் பொறந்தப்ப நான் நாப்பத்தெட்டாவதுல இருந்தேன்."

"ஈ என்ன?"

"பன்னிரண்டு. மங்கலா இருக்குன்னு நாமதான் தூக்கிப் போட்டோமே. ஞாபகத்துக்கு ஒண்ணு வெச்சிருந்தேன்."

இருவரும் அந்தக் கடைசி எண்ணை வெகுநேரம் பார்த்தோம். சின்ன எண். ஆனால் இருக்க வேண்டிய கட்டத்தில் மட்டும் இருந்தது.

போகும்போது கேட்டார். "கையெழுத்துப் போடுவீங்களா?"

"மாட்டேன்."

"போட்டீங்கன்னா நான் உங்களோட பேச மாட்டேன்," என்றார். திங்கட்கிழமை அவர் சண்டைக்கு வந்ததற்குக் காரணம் வேறாக இருந்தது.

நவம்பர் 22

அண்ணனிடம் சொன்னேன். டயாலிசிஸ் முடிந்து ஆட்டோவில் வரும்போது, மேடவாக்கம் சிக்னலில். மழை இல்லை. தள்ளிப்போடக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

"அண்ணா, அந்த மருந்து வேலை செய்யாது."

"யாருக்கு?"

"யாருக்குமே. மின்மினிப் பூச்சிக்கு மட்டும் கொஞ்சம் நல்லது."

வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை தானாக முழங்கையைச் சொறிந்தது. பிறகு நிறுத்தினார், என் எதிரில் சொறியக்கூடாது என்பது போல.

"கையெழுத்துப் போடச் சொல்றாங்களா?"

"ஆமா."

"போடப் போறியா?"

"இல்ல."

"போட்டுத்தான் பாரேன். மொத ஆளாப் போய் முழுங்குவேன். முழுங்கிட்டு நீ டைரி எழுதற மேஜைக்கு எதிர்லயே உக்காந்து சொறிஞ்சுக்கிட்டிருப்பேன். சாகற வரைக்கும்."

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "நீங்க ரோட்டப் பாருங்க, தம்பி. இது குடும்ப விஷயம்," என்றார் அண்ணன்.

சிக்னல் விழுந்தது. கொஞ்ச தூரம் போனபிறகு மறுபடி பேசினார். "அந்த நாலு பேருக்கு என்ன சொல்றது?"

"தங்கச்சி கெடுத்துட்டான்னு சொல்லு."

"அதைத்தான் சொல்லப் போறேன்."

வீட்டில் ரசம் வைத்தேன். இரண்டு முறை உப்பு போட்டிருக்கிறேன். அவருக்கு உப்பே ஆகாது. கொட்டிவிட்டு மறுபடி வைத்தேன்.

நவம்பர் 26

ஒசாகாவிலிருந்து இருவர். ஓர் இளைஞர், எல்லாவற்றையும் படம் பிடித்தார். டாக்டர் ஹயாஷி என்று ஒரு பெண்மணி, என் வயது இருக்கும். எதையும் படம் பிடிக்கவில்லை.

எனக்குக் கொடுத்த வேலை தட்டைக் கேமராவுக்குள் வைப்பது. பேசுவது டாக்டர் பத்ரிநாத். விளக்கை அணைத்தார்கள். திரையில் தட்டு வந்தது. நான் போட்ட தட்டில் அவர் கேட்ட மூன்று உண்மைகளும் இடது பாதியில் இருந்தன. வலது பாதியிலும் அதே மருந்துகளை அதே வரிசையில் வைத்திருந்தேன். இரண்டு பாதியிலும் கூடவே பன்னிரண்டு.

"இடது பக்கம் ஏற்பி உள்ள செல்," என்றேன். "வலது பக்கம் ஏற்பி இல்லாதது."

இடதுபுறம் மூன்று ஒளி. வலதுபுறம் எழுபத்தொன்று மட்டும் தனியாக, கொஞ்சமும் கூச்சமில்லாமல் எரிந்துகொண்டிருந்தது.

இருட்டில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். டாக்டர் பத்ரிநாத், "இது தவறுதலா வந்த தட்டு," என்று ஆரம்பித்தார்.

டாக்டர் ஹயாஷி கையைத் தூக்கினார். என்னைத்தான் கேட்டார். "இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?"

"நாங்கள் கண்டுபிடிக்கவில்லை," என்றேன். "மூன்று வருடம் எங்களுக்குத் தெரியவில்லை. எங்கள் இயக்குநர்தான் நேரடியாகக் குளிரறைக்குள் போய், ஒவ்வொரு பாட்டிலையும் தன் கையால் தொட்டார். அதன் பிறகுதான் தெரிய ஆரம்பித்தது. அவர் ஒரு பாட்டிலை விட்டிருந்தாலும் இந்த மருந்து மனிதர்களுக்குப் போயிருக்கும்."

இதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. வேண்டுமானால் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

டாக்டர் ஹயாஷி எழுந்து அவரைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். டாக்டர் பத்ரிநாத்தும் வேறு வழியில்லாமல் குனிந்தார். விளக்கு எரிந்தபோது இருவரும் இன்னும் குனிந்தபடி இருந்தார்கள்.

போகும்போது அந்தப் பெண்மணி திரையில் பன்னிரண்டு இருந்த மூலையைக் காட்டி, "மங்கலான அது என்ன?" என்று கேட்டார். ஜமால் பதில் சொன்னார். லிஃப்ட் இரண்டு முறை வந்து காலியாகத் திரும்பிப் போயிற்று.

டிசம்பர் 4

மனிதச் சோதனை விண்ணப்பம் கைவிடப்பட்டது. விசாரணைக் குழு கூடி, நடந்ததற்குக் காரணம் மார்க்கர் பேனாவின் நிறம் என்று கண்டது. இனி பச்சை. லூர்துவின் பெயர் எங்கும் இல்லை. நான் நாலு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

கம்பெனிச் செய்தி மடல் வந்திருக்கிறது. முதல் பக்கத்தில் வெள்ளித் தட்டோடு டாக்டர் பத்ரிநாத். "இயக்குநரின் நேரடிக் கண்காணிப்பால் தவறான மருந்து தடுக்கப்பட்டது." அவரே நம்பிவிட்டார் என்று நினைக்கிறேன். வராந்தாவில் பார்த்தபோது என்னைக் கொஞ்சம் மன்னித்துவிட்ட முகம்.

என்னை இரண்டாவது மாடி நூலகத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். புத்தகம் கிடையாது, ஒரு நாற்காலி உண்டு. ராஜினாமா செய்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். நாற்காலி முதுகுக்கு மிகவும் சௌகரியமாக இருக்கிறது. ஓய்வு பெறும்வரை உட்காரலாம்.

மத்தியானம் லூர்து மேலேயிருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்தாள், மூடியில் பச்சைப் பொட்டு. "சரியா இருக்கான்னு பாருக்கா." தேய்த்துப் பார்த்தேன். வரவில்லை. இனி தினமும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். ஜமால் பன்னிரண்டை மறுபடி செய்ய ஆரம்பித்துவிட்டார். யாரும் சொல்லவில்லை. வேண்டாமென்று சொல்லவும் இன்னும் யாருக்கும் தோன்றவில்லை.

டிசம்பர் 13

டயாலிசிஸ். அந்த நாலு பேரில் மூன்று பேர் அண்ணனோடு பேசுவதில்லை. நாலாமவர் என்னைக் கும்பிடாமல், அடுத்தது எப்போது என்று மட்டும் கேட்டார். அதுவே மரியாதையாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். இதுவரை என்னிடம் முதுகைக் காட்டியதில்லை. விரிப்பைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

"அந்தப் பன்னிரண்டு எப்ப வரும்?"

"தெரியாது. அஞ்சு வருஷம் ஆகலாம். வராமலும் போகலாம்."

"மங்கலா எரியுதாமே."

"ஆமா."

"எரிய வேண்டிய எடத்துல எரியுதா?"

"அங்க மட்டும்தான்."

"அப்ப சரி." தோளைக் குறுக்கிக்கொண்டார். "எடது பக்கம். இன்னும் கொஞ்சம் மேல."

மூங்கில் கை கட்டிலுக்கு அடியில் எங்கோ விழுந்து கிடந்தது. தேடவில்லை.